அடியில் என்ன, மேலே என்ன?

இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் டிங்கரிங் கடைத் தம்பிகள் பக்கவாட்டில் இருக்கும் பெஞ்சில் வந்து உட்காரலாம். பேச்சு கொஞ்சம் நீளும்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சட்டைப்பையில் அடங்கும் ஒரு கருவி. உலோகத்தின் மேல் பூசிய பூச்சு எத்தனை மைக்ரான் இருக்கிறது என்று காட்டும் கருவி. டி.எஃப்.டி. மீட்டர் என்கிறோம், கோட்டிங் கேஜ் என்கிறோம். என்னிடம் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், எந்தக் கம்பெனி கேஜ் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: அடியில் என்ன? மேலே என்ன? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் கடைக்குப் போகிறவர் கடைக்காரர் விற்க நினைப்பதை வாங்கி வருவார். தனக்குத் தேவையானதை வாங்கி வர மாட்டார்.

முதலில், இந்தக் கருவி எதற்கு? ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது வருடம் ஸ்பிரே கன் பிடித்த கைக்கும் 60 மைக்ரானுக்கும் 90 மைக்ரானுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பணம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 800 சதுர மீட்டர் இரும்பு. காய்ந்த பிறகு 75 மைக்ரான் வேண்டும். நீங்கள் வாங்கும் பெயிண்டில் திடப்பொருள் 60 சதவீதம், மீதி ஆவியாகப் போய்விடும். ஏட்டுக் கணக்கில் ஒரு லிட்டர் 8 சதுர மீட்டர் பூசும். ஆக, 100 லிட்டர். கை கொஞ்சம் தாராளமாக ஓடி 100 மைக்ரான் விழுந்தால், லிட்டருக்கு 6 சதுர மீட்டர்தான் வரும். 133 லிட்டர் வேண்டும். காற்றில் பறந்தது, கீழே சிந்தியது எதுவும் இதில் சேரவில்லை. அந்த 33 லிட்டருக்குப் பில் போட முடியுமா? எந்தப் பார்ட்டி கொடுப்பார்?

குறைந்தால் இன்ஸ்பெக்டர் ரிஜெக்ட் செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கேடுதான். ஜிங்க் சிலிகேட் ப்ரைமரை அளவுக்கு மேல் ஏற்றினால் வறண்ட ஏரி மண் மாதிரி வெடித்து நிற்கும். பவுடரைத் தடிமனாக ஏற்றினால் பரப்பு அலை அலையாக எழும்பும், ஊசித் துளை விழும். அப்போது சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சரி, இந்தக் கருவி எதை அளக்கிறது? பெயிண்டை அளக்கிறது என்று நினைத்தால் தவறு. பெயிண்ட் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தன் முனையிலிருந்து உலோகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். இடையில் இருப்பது பெயிண்டா, தூசியா, எண்ணெயா, நீங்கள் எடுக்க மறந்த பிளாஸ்டிக் உறையா என்று அது கேட்காது. தூரத்தைச் சொல்லிவிட்டு நிற்கும். இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

தூரத்தை எப்படி அறிகிறது? இரண்டு வழி. இரும்பு, எஃகு என்றால் காந்த வழி. முனையில் ஒரு கம்பிச்சுருள், அதில் மெதுவாக மாறும் மின்சாரம். இரும்பை நெருங்கினால் காந்தப்புலம் வலுக்கும், விலகினால் தளரும். அந்த ஏற்ற இறக்கத்தை மைக்ரானாக மாற்றிக் காட்டுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. அலுமினியம், செம்பு, பித்தளைக்கு இது வேலை செய்யாது, அவை காந்தத்துக்கு மசியாதவை. அங்கே சுழல் மின்னோட்ட வழி. சுருளில் மிக வேகமாக மாறும் மின்சாரத்தை விட்டால் கீழே இருக்கும் உலோகத்துக்குள் சுழல் சுழலாக மின்னோட்டம் எழும்பி, தன்னை எழுப்பிய புலத்தையே எதிர்க்கும். அந்த எதிர்ப்பின் அளவிலிருந்து தூரம் தெரிகிறது. இந்தச் சுழல் மின்னோட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர், பிரான்சின் லியோன் ஃபூக்கோ. ஆண்டு 1855.

ஆக, கேஜ்களில் இரண்டு சாதி. 'எஃப்' எழுத்துப் போட்டது காந்தம் ஒட்டும் இரும்புக்கு. 'என்' எழுத்துப் போட்டது ஒட்டாத உலோகத்துக்கு. இரண்டும் சேர்ந்தது 'எஃப்என்', அடியில் என்ன இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து மாறிக்கொள்ளும்.

ஓர் அலுமினிய ஜன்னல் கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அனோடைசிங் செய்து வந்த செக்ஷன்களைப் பரப்பி வைத்து, ஒரு பையன் கேஜை அழுத்திக்கொண்டே இருக்கிறான். எண்ணே வரவில்லை. இன்னொரு செக்ஷன், அதிலும் வரவில்லை. "அண்ணே, மெஷின் ரிப்பேர்ணே" என்று குரல் கொடுக்கிறான். முதலாளி வந்து பேட்டரியைக் கழற்றி மாட்டுகிறார், உள்ளங்கையில் தட்டிப் பார்க்கிறார். மெஷினுக்கு ஒரு நோயும் இல்லை. அது 'எஃப்' கேஜ். அலுமினியத்தில் அது என்ன சொல்லும்? எதிரே இரும்பே இல்லை, அதனால் வாய் திறக்கவில்லை. இரும்புக் கேட் வேலைக்கு வாங்கியதை அலுமினிய வேலைக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

அதனால் கேஜ் வாங்கும் முன் ஒரு சாதாரணக் காந்தத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பட்டறையை ஒரு சுற்று வாருங்கள். எதில் ஒட்டுகிறது, எதில் ஒட்டவில்லை? ஆங்கிள், சேனல், தகடு எல்லாம் ஒட்டும். அலுமினியம் ஒட்டாது. எவர்சில்வரில்தான் எச்சரிக்கை தேவை. 304 கிரேடு பொதுவாக ஒட்டாது, ஆனால் வளைத்து அடித்த மூலைகளில் லேசாகக் காந்தம் பிடிக்கும். 430 கிரேடு நன்றாகவே ஒட்டும். எவர்சில்வர் மேல் பெயிண்ட் அடிப்பவர்கள் எந்தக் கிரேடு என்று கேட்காமல் கேஜ் வைக்கக் கூடாது. உங்கள் பட்டறைக்கு இரும்பைத் தவிர வேறு எதுவும் வராது என்றால் 'எஃப்' போதும், கூடுதல் பணம் எதற்கு? நாளைக்கு அலுமினிய வேலை வரும் என்ற நம்பிக்கை இருந்தால் 'எஃப்என்' வாங்குங்கள்.

அடியில் என்ன என்று பார்த்தோம். மேலே என்ன? தகராறு வருவது இங்கேதான்.

பெயிண்ட், பவுடர், ரப்பர், எனாமல் ஆகியவற்றுக்குக் காந்தமும் கிடையாது, மின்சாரமும் பாயாது. இரண்டு வகைக் கேஜுக்கும் இவை தொல்லை தராதவை. இரும்பின் மேல் துத்தநாகம், அதாவது கால்வனைசிங், காந்த வழிக்கு நன்றாக அடங்கும், துத்தநாகத்துக்குக் காந்தம் இல்லையே. ஐ.எஸ்.ஓ. 1461 தரப்படி, 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள எஃகில் கால்வனைசிங் சராசரி 85 மைக்ரான் இருக்க வேண்டும், எந்த இடத்திலும் 70க்குக் கீழே போகக் கூடாது. சில டிராயிங்குகளில் மைக்ரான் இருக்காது, சதுர மீட்டருக்கு 610 கிராம் என்று இருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு மைக்ரான் துத்தநாகம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7.14 கிராம். வகுத்துப் பாருங்கள், அதே 85தான் வரும்.

ஆனால் நிக்கல்? மின்முலாம் போட்ட நிக்கல் தானே காந்தம் பிடிக்கும். இரும்பு எங்கே முடிகிறது, நிக்கல் எங்கே தொடங்குகிறது என்று காந்தக் கேஜ் குழம்பிப்போகும். காட்டும் எண்ணை நம்பவே கூடாது. அதே நிக்கலை மின்சாரம் இல்லாமல் ரசாயனக் குளியலில் ஏற்றும் எலக்ட்ரோலெஸ் முறையில், பாஸ்பரஸ் அதிகமாகச் சேர்ந்திருந்தால் அது காந்தம் பிடிக்காது, அளக்கலாம். இங்கே ஒரு கிளைக்கதை, எனக்குப் பிடித்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் ஆப்னர் பிரென்னர் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். சுருள்வில்லில் ஒரு சின்னக் காந்தத்தைத் தொங்கவிட்டு, அது பரப்பிலிருந்து பிய்ந்து வர எவ்வளவு இழுவிசை வேண்டும் என்று பார்த்து முலாமின் தடிமனை அளக்கும் கருவியை 1930களின் பிற்பகுதியில் உருவாக்கினார். அவர்தான் பிறகு 1940களில் கிரேஸ் ரிடெல் அம்மையாரோடு சேர்ந்து எலக்ட்ரோலெஸ் நிக்கல் முறையையும் கொண்டுவந்தார். முலாமும் அவரே, முலாம் அளக்கும் கருவியும் அவரே! கட்டைவிரலால் சக்கரத்தை உருட்டி அளக்கிற, பேட்டரி இல்லாத காந்தக் கேஜ் இன்றும் விற்பனைக்கு உண்டு. சுமார் 5 சதவீதம் முன்பின் காட்டும். பேட்டரிக் கருவியை உள்ளே விடாத எண்ணெய்க் கிடங்கு மாதிரி இடங்களில் அதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

பளபளக்கும் குரோம் முலாம் வேலை செய்பவர்கள் கையடக்கக் கேஜைத் தேடி அலைய வேண்டாம். நிக்கலின் மேலே இருக்கும் அலங்காரக் குரோம் ஒரு மைக்ரானில் பாதி கூட இருக்காது. அதற்கு எக்ஸ்ரே முறை இருக்கிறது, முலாமைக் கரைத்து அளக்கும் கூலோமெட்ரிக் முறை இருக்கிறது. சொந்தமாக வாங்குவதைவிட மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் செலவு குறையும். மின்முலாம், துரு உள்ளிட்டவற்றை ஆராய்வதற்காக, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த இடத்தில், 1953 முதல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. நம் ஊர்க்காரர்கள் அதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம் என்பது என் ஆதங்கம்.

அடுத்து, கால்வனைசிங் செய்து அதன் மேல் பெயிண்ட் அடித்த ஜாப். காந்தக் கேஜ் வைத்தால் 160 என்கிறது. பெயிண்ட் எவ்வளவு? தெரியாது! கிணற்றுக்குள் கல் கட்டிய கயிறு விட்டால் கல் தரையைத் தொடும்போதுதான் நிற்கும். தண்ணீர் எத்தனை முழம், சேறு எத்தனை முழம் என்று கயிறு பிரித்துச் சொல்லாது. காந்தத்துக்குத் தரை என்பது இரும்பு. துத்தநாகம் 90, பெயிண்ட் 70 என்று அது பிரிக்காது. பெயிண்ட் அடிக்கும் முன்பே துத்தநாகத்தை அளந்து எழுதி வைத்திருந்தால் கழித்துக்கொள்ளலாம். எழுதி வைக்கவில்லையா? காந்த வழியில் மொத்தத்தையும், சுழல் மின்னோட்ட வழியில் பெயிண்டை மட்டும் ஒரே தொடலில் அளக்கும் டூப்ளெக்ஸ் கேஜ் வேண்டும். விலை கூடுதல். சாதாரண 'எஃப்என்' கேஜ் இந்த வேலையைச் செய்யும் என்று விற்பவர் சொன்னால், அங்கேயே ஒரு துண்டில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ப்ரைமர், இடைக்கோட், மேல்கோட் என்று மூன்று கோட் அடிப்பவர்களுக்கும் இதே கதிதான். காந்தக் கேஜும் சுழல் மின்னோட்டக் கேஜும் ஒவ்வொரு கோட்டாகப் பிரித்துச் சொல்லாது. ஒவ்வொரு கோட் காய்ந்ததும் அளந்து எழுதுங்கள்.

இப்போது விலைச்சீட்டின் பின்பக்கத்துக்கு வருவோம். 'துல்லியம்: 3 சதவீதம் கூட்டல் 2 மைக்ரான்' என்று போட்டிருக்கும். படிப்பவர் யார்? நாம் முன்பக்கத்துப் படத்தைப் பார்ப்போம், கலர் டிஸ்பிளே இருக்கிறதா என்று பார்ப்போம். 80 மைக்ரான் பவுடர் கோட்டிங்கில் இந்த வரிக்கு என்ன பொருள்? 80இல் 3 சதவீதம் 2.4, அதோடு 2 சேர்த்தால் 4.4. எண்பதுக்கு நாலு முன்பின் போனால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அதே கேஜை 8 மைக்ரான் ஜிங்க் பிளேட்டிங்கில் வையுங்கள். 2.2 மைக்ரான் வித்தியாசம், அதாவது கால் பங்குக்கும் மேல்! 8 என்று காட்டினால் உண்மையில் 6 இருக்கலாம், 10 இருக்கலாம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பார்ட்டியிடம் எப்படிப் பேசுவீர்கள்? பவுடர் கோட்டிங்காரருக்கு நல்ல கேஜ் பிளேட்டிங்காரருக்கு உதவாத கேஜ். எதிர்ப்பக்கத்தில் தீத்தடுப்புப் பூச்சு மில்லிமீட்டர் கணக்கில் ஏறும். 1500 மைக்ரானோடு நின்றுவிடும் கேஜ் அங்கே கையை விரித்துவிடும். உங்கள் பட்டறையின் மிகக் குறைந்த தடிமன் எது, மிக அதிகமான தடிமன் எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஜாப்பின் உருவத்தையும் பாருங்கள். கேஜின் காந்தப்புலத்துக்கு முனையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் வேண்டும். விளிம்பை ஒட்டி வைத்தால் புலம் வெளியே சிதறி எண் மாறும், அதனால் விளிம்பிலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி அளப்பது வழக்கம். மெல்லிய குழாயின் வளைவிலும் தவறும். குழாய்க்குள்ளே, மூலை முடுக்கில் அளப்பவர்களுக்கு ஒயரோடு தனியாக வரும் ப்ரோப்தான் சரி, அதிலும் செங்கோணத்தில் வளைந்த சின்ன ப்ரோப் கிடைக்கிறது. பரந்த தகடு வேலை மட்டும் என்றால் முனை உள்ளேயே பதிந்த கேஜ் போதும், ஒயர் அறுந்துபோகும் தொல்லை இருக்காது.

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதிகமான ரிஜெக்ஷன் இதில்தான் நடக்கிறது. ஒரு யார்டில், பிளாஸ்டிங் செய்து ப்ரைமர் அடித்த பீம்கள் வரிசையாகக் கிடக்கின்றன. வேண்டியது 60 மைக்ரான். சூபர்வைசர் பெட்டியோடு வந்த வழவழப்பான ஜீரோ பிளேட்டில் கேஜை ஜீரோ செய்துவிட்டு அளக்கிறார், சராசரி 75. முகத்தில் சிரிப்பு. பார்ட்டி அனுப்பிய இன்ஸ்பெக்டர் வயதானவர், அவசரமே இல்லாதவர். "பிளாஸ்டிங் மட்டும் பண்ணின துண்டு ஏதாவது கிடக்கா?" என்கிறார். கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதன் மேல் கேஜை நாலைந்து இடத்தில் வைக்கிறார். 22, 21, 23. "தம்பி, பெயிண்டே அடிக்காத இடத்தில 22 காட்டுதே, இது யார் அடிச்ச பெயிண்ட்?" யாரிடமும் பதில் இல்லை. 75இலிருந்து 22 போனால் 53. பீம்கள் மறுபடியும் ஸ்பிரே கன்னுக்குப் போயின.

ஏன் அப்படி? பிளாஸ்டிங் செய்த பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். கேஜின் முனை மேட்டு உச்சியில் உட்காருகிறது. காந்தத்துக்குத் தென்படும் இரும்பு அந்த உச்சிக்குக் கீழே, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த இடைவெளியைக் கேஜ் பெயிண்ட் கணக்கில் சேர்த்துவிடுகிறது. இதற்காகவே ஐ.எஸ்.ஓ. 19840 தரத்தில், வழவழப்பான தட்டில் ஜீரோ செய்து அளந்தால் சொரசொரப்புக்கு ஏற்ப 10, 25 அல்லது 40 மைக்ரான் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பிளாஸ்டிங் வேலை செய்பவர்கள் இந்தத் திருத்தத்தைத் தன்னுள்ளேயே பதித்துக்கொள்ளும் வசதியுள்ள கேஜாகப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு ஜாப்பிலும் பெயிண்ட் அடிக்காத ஒரு துண்டை ஒதுக்கி வையுங்கள்.

எத்தனை இடத்தில் அளப்பது? ஒரு தொடல் ஓர் அளவு ஆகாது. எஸ்.எஸ்.பி.சி. பி.ஏ. 2 என்ற அமெரிக்க விதிப்படி, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் குறைந்தது மூன்று தொடல், அதன் சராசரிதான் ஒரு புள்ளி. ஏறத்தாழ பத்து சதுர மீட்டருக்கு ஐந்து புள்ளி. புள்ளியின் சராசரி, வழக்கமான நிலையில், குறைந்தபட்சத்தில் 80 சதவீதம் வரை இறங்கலாம், அதிகபட்சத்தில் 120 சதவீதம் வரை ஏறலாம். ஆனால் ஐந்து புள்ளிகளின் மொத்தச் சராசரி வரம்புக்குள்தான் நிற்க வேண்டும். ஆர்டரில் எந்த விதி என்று போட்டிருக்கிறதோ அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேஜில் நினைவகம் வேண்டுமா, கைப்பேசியோடு இணைய வேண்டுமா என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. ரிப்போர்ட் கேட்கும் பார்ட்டி என்றால் வேண்டும். இல்லையென்றால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மான்செஸ்டரின் எல்கோமீட்டர், ஜெர்மனியின் ஃபிஷர், அமெரிக்காவின் டிஃபெல்ஸ்கோ ஆகியவை பெயர் பெற்றவை. சில ஆயிரம் ரூபாய்க்கும் கேஜ் இருக்கிறது, ஒரு லட்சத்தைத் தொடும் கேஜும் இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், விலையைவிடப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கேஜைச் சரிபார்க்கத் தடிமன் குறித்த ஃபாயில்கள் இருக்கின்றனவா? நீங்கள் அளக்கப்போகும் எண்ணுக்குக் கொஞ்சம் மேலும் கொஞ்சம் கீழும் ஃபாயில் இருக்கிறதா? கருவியோடு வரும் சான்றிதழ் யார் கொடுத்தது? என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேலிபரேஷன் செய்து சான்றிதழ் கேட்கும் பார்ட்டிகள் உண்டு. வருடம் ஒரு முறை அந்தச் செலவு வரும், அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். முனை தேய்ந்தால் மாற்றித் தர ஊரில் ஆள் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

டிங்கரிங் தம்பிகள் காத்திருக்கிறார்கள். பழைய கார் வாங்குபவர்கள் இப்போது இந்தக் கேஜோடு வருகிறார்கள் அல்லவா? கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு கதவு மட்டும் 250, 300 காட்டினால் மறுபடி பெயிண்ட் அடித்தது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. நீங்கள் வேலையை எவ்வளவு அழகாக முடித்தாலும் கேஜ் காட்டிக்கொடுக்கும். பம்பர் பிளாஸ்டிக், அதில் எண் வராது. சில கார்களில் பானட் அலுமினியம், 'எஃப்' கேஜ் வைத்துவிட்டுக் கருவியைத் திட்டாதீர்கள்.

இன்னும் காயாத பெயிண்டுக்கு ஒரு வார்த்தை. அதற்கு இந்தக் கேஜ் கிடையாது, சீப்பு மாதிரிப் பல் வெட்டிய ஒரு தகடு, விலை மிகக் குறைவு. 60 சதவீதத் திடப்பொருள் உள்ள பெயிண்டில் காய்ந்த 75 வேண்டுமென்றால் ஈரத்தில் 125 இருக்க வேண்டும். பத்துக்கு ஒன்று தின்னர் ஊற்றினால் 137க்கும் மேல். தின்னர் ஊற்றிவிட்டு ஈரத்தில் 125 பார்த்துத் திருப்திப்படும் பெயிண்டரைக் காய்ந்த பிறகு கேஜ் மாட்டிவிடும்.

மேடைக்குக் கீழே இருக்கும் மேஜையில் ஒரு 'எஃப்' கேஜ், ஒரு 'எஃப்என்' கேஜ், ஒரு ஃபாயில் கட்டு, கால்வனைஸ் செய்து பாதி மட்டும் பெயிண்ட் அடித்த ஒரு ஆங்கிள், பிளாஸ்டிங் செய்த ஒரு தகடு வைத்திருக்கிறேன். பெயிண்ட் அடிக்காத பாதியில் முதலில் வையுங்கள், பிறகு அடித்த பாதியில் வையுங்கள், கழித்துப் பாருங்கள். தகட்டின் மேல் ஃபாயிலை வைத்து, வழவழப்பான தட்டில் வந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பையில் உங்கள் சொந்த ஜாப் துண்டு கொண்டு வந்தவர்கள் முதலில் வரிசையில் நிற்கலாம்.